பங்கா, கூலியா?

"பார்ட்டி கிட்ட இருந்து வரட்டும், வந்த உடனே உங்களுக்குத்தான் மொதல்ல." இந்த டயலாக்க நான் எத்தன பேர் கிட்ட சொல்லிருப்பேன்னு கணக்கே இல்ல. என்கிட்டயும் அதே அளவுக்கு சொல்லிருக்காங்க. பிரஸ்காரர் டிசைனர் கிட்ட சொல்வாரு, டிசைனர் டைப் அடிக்கிறவங்க கிட்ட சொல்வாரு, அவங்க வீட்டு ஓனர் கிட்ட சொல்வாங்க, ஓனர் யார் கிட்ட சொல்வாரோ தெரியல. இதுல பியூட்டி என்னன்னா இது பொய்யே கிடையாது, பார்ட்டி நெஜமாவே குடுத்திருக்க மாட்டான், அதனாலதான் சொல்றப்போ நமக்கு நாக்கு கூட கொழறாது. 2025 மே மாசம் வரைக்கும் எனக்கு இந்த டயலாக் மேல ஒரு சந்தேகமும் இருந்ததில்ல. அதுக்கப்புறம் அத வாயத் தொறந்து சொல்லவே வரல, சொல்லாம தொழில் பண்றதும் சுலபமா இல்ல, அந்த இழுபறிதான் இத எழுத வெச்சது.

நான் தண்டையார்பேட்டைல மாடி ரூம்ல உக்காந்து மொழிபெயர்ப்பும் லேஅவுட்டும் பண்றவன். ஒரு பிரஸ்ல பத்து வருஷம் பேஜ்மேக்கர்ல குப்ப கொட்டிட்டு 2016ல தனியா வந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், ஸ்கூல் ஆண்டு மலர், கண்ணீர் அஞ்சலி (இது மட்டும்தான் கையில காசு குடுத்துட்டு வாங்கிட்டுப் போற வேல, துக்க வீட்டுல யாரும் கடன் சொல்றதில்ல), எப்பவாச்சும் கம்பெனி வேல. கம்பெனி வேல வந்தா அன்னிக்கு வீட்டுல வஞ்சிரம், ரேட்டு அப்படி. பணம் எப்போ வரும்ன்றது வேற கத.

அந்த வருஷம் ஜனவரி கடைசில மணலி பக்கம் ஒரு கம்பெனில இருந்து தொழிலாளிங்களுக்கான பாதுகாப்பு கையேடு ஒண்ணு வந்துச்சு. 212 பக்கம். பாதிக்கு பழைய தமிழ் புக்கு இருந்துச்சு, மீதி இங்கிலீஷ்ல. பழைய புக்குக்கு ஃபைலும் குடுத்தாங்க, பாமினி ஃபாண்ட்ல. பாமினில வேல செஞ்சவங்களுக்குத் தெரியும், ஃபாண்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா அம்மான்னு அடிச்சது எம் கே செமிகோலன் கே எச்னு நிக்கும். அதுக்கு கன்வெர்ட்டர் இருக்கு, ஆனா ஃபைலே பாதிக்கு மேல கரப்ட். சரி ஸ்கேன் பண்ணி எழுத்துணரில (படத்துல இருக்கறத எழுத்தா மாத்துற ஓசிஆர்) போடலாம்னு போட்டா அது கால் போட்ட எழுத்துல எல்லாம் காலை எடுத்துட்டு ர போட்டு வெச்சிருக்கு, வால்வு எல்லாம் வரல்வு, காற்று எல்லாம் கரற்று. பாதுகாப்பு புக்குல இப்படி இருந்தா படிக்கிறவன் சிரிச்சுட்டு தூக்கிப் போட்ருவான்.

இந்த மாதிரி வேலைக்கு எனக்கு இருக்கறது ஒரே ஒரு அக்கா. காசிமேடு பவர் குப்பத்துல இருக்காங்க, அந்தக் காலத்துல தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவங்க, 1999ல அரசாங்கமே தமிழ்99னு ஒரு கீபோர்டு கொண்டு வந்துச்சு, அதெல்லாம் அவங்க கண்டுக்கல, இன்னிக்கும் யூனிகோட்ல அடிச்சாலும் பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டுதான். நான் இங்கிலீஷ் பக்கத்த பாத்து தமிழ்ல வாய்ஸ் நோட் பேசி அனுப்புவேன், அவங்க கேட்டு அடிப்பாங்க. ஃபோன்லயே பேசினா டைப் ஆவுதேன்னு கேப்பீங்க, ஆவும், "கசிவு" "கசிஞ்சு" "கஜினி" மூணும் ஒரே பக்கத்துல வரும், அவ்ளோதான். அடிச்சு, ஒரு தபா ப்ரூஃபும் பாத்துக் குடுக்க பக்கத்துக்கு 40 ரூபா. நான் கம்பெனிக்கு போட்ட ரேட்டு மொழிபெயர்ப்பு, டைப்பிங், லேஅவுட் எல்லாம் சேத்து பக்கத்துக்கு 220.

அக்கா வெறும் டைப் அடிக்கிறவங்க இல்லன்றதுக்கு ஒண்ணு சொல்றேன். ஒருநாள் ராத்திரி பத்தரைக்கு ஃபோன். "தம்பி, 88ஆம் பக்கத்துல வால்வ எடது பக்கம் திருப்புனா மூடும்னு சொல்லிருக்க, 131ல வலது பக்கம் திருப்பி மூடுன்ற. ரெண்டும் அதே வால்வு, அதே நம்பரு. எது கரெக்ட்டு?" நான் வாய்ஸ் நோட்ல உளறிட்டேன் போலன்னு இங்கிலீஷ தொறந்து பாத்தா ஒரிஜினல்லயே அப்படித்தான் இருக்கு. கம்பெனி எஞ்சினியருக்கு மெயில் போட்டேன், மறுநாள் அவரே கூப்ட்டு எங்க தப்புதான் சார், நல்லவேள பாத்தீங்கன்னாரு. நானும் பெருமையா தேங்க்ஸ் சார்னு வாங்கி வெச்சுக்கிட்டேன். பாத்தது நான் இல்லன்னு சொல்லல. சொல்லிருக்கலாம்.

45 நாள்

மார்ச் 4ஆம் தேதி அக்கா கடைசி பக்கம் அனுப்பிட்டாங்க. நான் லேஅவுட் முடிச்சு மார்ச் 10ஆம் தேதி பில் போட்டேன், 46,640 ரூபா. அக்காவுக்கு 8,480. மார்ச் முடிஞ்சுது. கேட்டா மொதல்ல வெண்டர் கோடு இல்லன்னாங்க, அப்புறம் பில்லுல பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் இல்லன்னாங்க, போட்டுக் குடுத்தா அக்கவுண்ட்ஸ்ல இயர் எண்டு பிஸின்னாங்க, ஏப்ரல் பாதில கேட்டா எங்களுக்கு 60 நாள் கிரெடிட் சார், பிஓலயே இருக்கு பாருங்கன்னாங்க. பாத்தேன், இருந்துச்சு, ரெண்டாம் பக்கத்துல எறும்பு சைஸ்ல.

இங்கதான் எனக்கு வீரம் வந்துச்சு. சிறு தொழில் பண்றவங்க பதிஞ்சுக்கற அரசாங்க உத்யம்ல நான் பதிஞ்சு வெச்சிருக்கேன் (ஆன்லைன்ல ஃப்ரீதான், 2020 ஜூலைல இருந்து இருக்கு, இதுக்குப் போய் ஏஜெண்ட் கிட்ட காசு குடுக்காதீங்க). 2006ல வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி எங்கள மாதிரி குட்டி ஆளுங்களுக்கு, எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்ல பணம் குடுக்கணும், ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன தேதி, ஆனா அதுல எத்தன நாள் போட்டிருந்தாலும் 45 நாள் தாண்டக் கூடாது. தாண்டுனா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டுவட்டி. இது போதாதுன்னு அப்போ இருந்த 1961 வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)னு ஒண்ணு சேத்துட்டாங்க, அந்த 45 நாளுக்குள்ள குடுக்கலன்னா கம்பெனி அத அந்த வருஷச் செலவா கணக்கு காட்ட முடியாது, எப்போ குடுக்குதோ அந்த வருஷம்தான். இந்த செக்ஷன் வந்தப்புறம் நெறய கம்பெனி தானாவே உத்யம் சர்டிஃபிகேட் அனுப்புங்க சார்னு கேக்க ஆரம்பிச்சுது, நம்மள திடீர்னு தேடுறாங்களேன்னு நான் கூட சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் 28 நைட்டு உக்காந்து ஒரு மெயில் எழுதுனேன் பாருங்க. செக்ஷன் நம்பர், தேதி, வட்டிக் கணக்கு எல்லாம் போட்டு, கடைசில "உழைப்பவரின் ஊதியத்தை உரிய நேரத்தில் வழங்குவது சட்டம் மட்டுமல்ல, அறமும் கூட"ன்னு ஒரு பஞ்ச் வேற. அனுப்பிட்டு ஃப்ரெண்டுங்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் போட்டேன். மாஸ்டான்னாங்க.

அதே ஏப்ரல்ல நான் ரிச்சி ஸ்ட்ரீட் போய் 24 இஞ்ச் மானிட்டர் ஒண்ணு வாங்குனேன். கண்ணு வலி, பழசு மங்கிப் போச்சு, காரணம் எல்லாம் சரிதான். டேபிள்ல வெச்சு ஃபோட்டோ எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வெச்சேன், "புது ஆளு வந்துட்டாரு"ன்னு. சாயந்திரம் யார் யார் பாத்தாங்கன்னு நோண்டிட்டு இருந்தப்போ லிஸ்ட்ல அக்கா பேரு. ஒரு செகண்டு திக்குனு இருந்துச்சு, அப்புறம் ஸ்க்ரோல் பண்ணிட்டேன். மறுநாள் அக்கா கிட்ட இருந்து வழக்கம் போல குட்மார்னிங் ரோஜாப்பூதான் வந்துச்சு, பணத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. கேக்காததால அவங்களுக்கு அவசரம் இல்லன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

பவர் குப்பம்

மே 4, ஞாயித்துக்கெழம. கம்பெனி எஞ்சினியர் 11 பக்கத்துக்கு கரெக்‌ஷன் அனுப்பிருந்தாரு. பழைய பணம் வரல, கரெக்‌ஷன் மட்டும் கரெக்டா வருது பாருங்க. அத பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வண்டில அக்கா வீட்டுக்குப் போனேன். மத்த ஞாயித்துக்கெழமன்னா காசிமேட்டு பக்கம் வண்டிய உள்ள விடவே முடியாது, பாதி மெட்ராஸ் மீன் வாங்க அங்கதான் நிக்கும். அன்னிக்கு கூட்டம் கம்மி. அப்போதான் மண்டைல ஒறச்சுது, இது தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு லாஞ்சு, அதாவது விசைப்படகு, எதுவும் கடலுக்குப் போவாது. சின்ன ஃபைபர் படகு போவும், அதுல வர்ற கொஞ்ச மீனுக்கு வெல எங்கயோ நிக்கும். அக்கா வீட்டுக்காரர் லாஞ்சுக்குப் போறவரு.

எனக்கு இது தெரியாத விஷயம் இல்ல. பொறந்து வளந்தது இங்கதான், வருஷா வருஷம் தடைக்காலம் வந்தா மீன் வெல ஏறிப்போச்சேன்னு பொலம்புறவன்தான் நானும். ஆனா அத மீன் வாங்குறவனாதான் யோசிச்சிருக்கேனே தவிர, அந்த வீட்டுல ரெண்டு மாசம் துட்டு எப்படி வரும்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. குடும்பத்துக்கு அரசு நிவாரணம் அப்போ 8,000 ரூபா. நான் தர வேண்டியது 8,480.

வீட்டு வாசல்ல நிழல்ல அவரு உக்காந்து கால் கட்டை விரல்ல வலைய மாட்டிக்கிட்டு கிழிஞ்ச எடத்த ஒவ்வொரு கண்ணா முடிச்சு போட்டுட்டு இருந்தாரு. அக்கா உள்ள இருந்து எட்டிப் பாத்து "வா தம்பி, உக்காரு, டீ போடறேன்"னாங்க. நான் பேப்பர கையில வெச்சுக்கிட்டே ஆரம்பிச்சேன், அக்கா அந்த பணம் கம்பெனில இன்னும் விடலக்கா, மெயில் போட்டிருக்கேன், 45 நாளுக்குள்ள குடுக்கணும்னு சட்டமே இருக்கு, வந்த உடனே உங்களுக்குத்தான் மொதல்ல. அக்கா "சரிப்பா"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. அவரு வலைல இருந்து கண்ண எடுக்காமலே கேட்டாரு, "பங்கா தம்பி?"

"இன்னாண்ணா?"

"இல்ல, அவ உன்கிட்ட செய்யறது பங்குக்கா, கூலிக்கா?"

"பங்கு இல்லண்ணா, பக்கத்துக்கு இவ்ளோன்னு பேசிக்கிறதுதான்."

"அப்போ கூலி." ஒரு முடிச்சு போட்டு பல்லால நூல அறுத்தாரு. "கூலின்னா வேல முடிஞ்சா குடுக்கணும்ல. பங்குன்னா வேற. மீனு படலன்னா ஓனருக்கும் இல்ல எனக்கும் இல்ல, போய்த் தொலையுது. ஆனா பட்டா எனக்கும் சேத்து ஏறும். உன் கம்பெனிக்காரன் நாளைக்கு சேத்துக் குடுத்தான்னா இவளுக்கு சேத்துக் குடுப்பியா?"

சத்தியமா அதுல கோவம் இல்ல, குத்திக் காட்டணும்ன்ற எண்ணமும் இல்ல. லாஞ்சு கணக்கு தெரிஞ்ச ஒருத்தர் வேற ஒரு தொழிலோட கணக்க புரிஞ்சுக்க கேக்குறாரு, அவ்ளோதான். நான் வாய மூடிட்டு இருந்தேன். உள்ள இருந்து அக்கா கொரல் வந்துச்சு, "நீ சும்மா இருய்யா, தம்பி என்ன ஓடியா போயிடப் போவுது." அவரு கேட்டது மண்டைல ஏறுச்சுன்னா இது நேரா நெஞ்சுல எறங்குச்சு.

லாஞ்சு கணக்கு எனக்கு மேலோட்டமா தெரியும். போயிட்டு வந்து மீன ஏலம் விட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டு சாமான் செலவெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்துல படகுக்கு ஒரு பங்கு, போன ஆளுங்களுக்கு ஒரு பங்கு. ஆளுங்க நஷ்டத்துல கூட நிக்கிறாங்க, ஏன்னா லாபத்துலயும் நிப்பாங்க. அவரு கேட்டப்புறம் யோசிச்சா நான் அக்காவுக்கு போட்ட கணக்கு ரெண்டுலயும் சேரல. லாபம் வந்தா அது கூலி, 40 ரூபாய்க்கு மேல ஒரு பைசா கிடையாது. லேட்டு ஆனா அது பங்கு, நானும் காத்திருக்கேன் நீயும் காத்திரு. எனக்கு எது வசதியோ அந்தந்த நேரத்துக்கு அந்தக் கணக்கு. மார்ச் 4ல இருந்து அன்னிக்கு எண்ணிப் பாத்தா சரியா 61 நாளு, தற்செயல்தான், ஆனா கடலுக்கு விட்ட தடைய விட ஒருநாள் கூட கம்மி இல்ல நான் விட்டது. சட்டம் பேசுன மெயில்ல 45 நாளுக்கே நான் அறம் வரைக்கும் போயிட்டேன். அக்கா கிட்ட உத்யமும் இல்ல, பில்லு புக்கும் இல்ல, செக்ஷன் நம்பரும் தெரியாது. அவங்க கிட்ட இருந்தது குட்மார்னிங் ரோஜாப்பூ.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது சொல்லலன்னா மத்தது எல்லாம் சீன் போடறதுதான். அன்னிக்கு என் அக்கவுண்ட்ல 31,000 சொச்சம் இருந்துச்சு. இல்லாம இல்ல. கம்பெனி குடுக்காததால என்னால குடுக்க முடியலன்றது உண்ம மாதிரியே இருக்குற பொய். குடுக்க முடியும், குடுத்தா என் கை கொஞ்சம் காயும், அந்த காயறது எனக்குப் பதிலா அவங்களுக்கு காயட்டும்னு விட்டுட்டேன். திண்ணைலயே உக்காந்து ஜிபேல 8,480 போட்டேன். டீ ஆறிப் போச்சு. அக்கா ஃபோன பாத்துட்டு "ஏன்ப்பா, அவன் குடுத்தப்புறம் குடுத்தா போதாதா"ன்னாங்க. நான் கரெக்‌ஷன் பேப்பர நீட்டவா வேணாமான்னு முழிச்சுட்டு இருந்தேன், அவங்களே கையில இருந்து வாங்கிக்கிட்டாங்க.

எம்சி ரோட்டு ஃப்ரெண்டு சொல்றது

இத எம்சி ரோடுல ஃப்ளெக்ஸ் கட வெச்சிருக்குற ஃப்ரெண்டு கிட்ட சொன்னேன். அவன் சிரிச்சான். "டேய், பெரிய கம்பெனிக்காரன் நம்ம காச வெச்சு தொழில் பண்றான், நீ உன் காச போட்டு அவனுக்கு தொழில் பண்ற. நடுவுல நீ ஒரு பேங்க் ஆயிட்ட, வட்டி வாங்காத பேங்க்." அவன் சொல்றதுல தப்பு இல்ல. அவன் கிட்ட நாலு பசங்க வேல செய்யறாங்க, எலெக்‌ஷன் டைம்ல கட்சிக்காரங்க வெக்கிற பாக்கி அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் நிக்கும், எல்லாருக்கும் அன்னன்னிக்கு எடுத்துக் குடுத்தா ஒரே மாசத்துல ஷட்டர் எறக்கணும். எங்க ஆளுங்க கிட்ட கைமுதல்னு ஒண்ணு இருந்ததே இல்ல, அதான் விஷயம். இருந்த மாதிரி நடிச்சுட்டு, இல்லாதப்போ அத நமக்கு கீழ இருக்கறவங்க கிட்ட இருந்து கேக்காம எடுத்துக்கறோம், கடன்னு பேரு கூட வெக்காம.

அவனுக்கு நான் பதில் சொல்லல, சொல்ல இருந்துச்சான்னும் தெரியல. ஆனா என் பக்கத்துல சிலது மாறிடுச்சு. அட்வான்ஸ் கேக்க எனக்கு எப்பவுமே கூச்சம், கேட்டா வேல போயிடுமோன்னு. இப்போ கேக்கறேன், எனக்காக கேக்க வர்ற கூச்சம் டைப்பிங் கூலிக்காக கேக்கறப்போ வர்றதில்ல, "சார் டைப் பண்றவங்களுக்கு நான் உடனே குடுத்தாகணும், அது மட்டும் மொதல்ல வேணும்"னு சொன்னா பத்துல ஆறு பேரு குடுத்துடறாங்க. மீதி நாலு பேரு வேலைய, கையில துட்டு இருந்தா மட்டும் எடுக்கறேன். வேற பேங்க்ல ஒரு அக்கவுண்ட் தொறந்து அதுல அக்கா கூலி மட்டும் போட்டு வெக்கிறேன், அதுக்கு கார்டு கூட வாங்கல, வாங்குனா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு கால் தானா போவும். தீபாவளிக்கு முன்னாடி ஒரு ட்ரஸ்ட் மலர் வேல வந்துச்சு, 300 பக்கத்துக்கு மேல, அட்வான்ஸ் முடியாதுன்னுட்டாங்க, கையில காசும் இல்ல, விட்டுட்டேன். வேற யாரோ செஞ்சாங்க. அந்த வேலைக்கு டைப் அடிச்சவங்களுக்கு பணம் வந்துச்சான்னு அப்பப்போ தோணும். அக்காவுக்கும் அந்த வேல போச்சுன்றதும் கூடவே தோணும், இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. உடனே குடுக்கணும்னு நான் எடுத்த முடிவுல அவங்களுக்கு 12,000 ரூபா வேல கைய விட்டுப் போயிருக்கு, அவங்க கிட்ட கேட்டிருந்தா லேட்டானா பரவால்லப்பா எடுன்னு கூட சொல்லிருக்கலாம். கேக்கல நான்.

கம்பெனி பணம் மே 20ஆம் தேதி வந்துச்சு, 71 நாள் கழிச்சு. 10 சதவீதம் டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) 4,664 போக 41,976. வட்டி கிட்டி எதுவும் இல்ல, என் மெயிலுக்கு பதிலும் இல்ல. நானும் பாக்கி வெச்ச கம்பெனி மேல புகார் குடுக்கற அரசாங்க சமாதான் போர்ட்டல்ல கேஸ் போடல, அடுத்த வருஷம் புக்கு ரிவிஷன் வருமேன்னு ஒரு நப்பாச. அறம் பேசுன ஆளு இவ்ளோதான்.

நான் ஜிபே போட்ட அன்னிக்கு ராத்திரியே அக்கா கிட்ட இருந்து 160 ரூபா திரும்பி வந்துச்சு. கூட ஒரு வாய்ஸ் நோட்டு, பின்னாடி டிவி சீரியல் சத்தம். "தம்பி, அதுல 4 பக்கம் வெறும் படம்தான்ப்பா, நான் ஒண்ணும் அடிக்கல. அத கழிச்சுக்கோ." நான் பில்ல தொறந்து பாத்தேன். 212 பக்கம் இன்ட்டூ 220. அந்த 4 பக்கத்துக்கும் சேத்து 880 போட்டிருக்கேன். படத்த ஒட்டுனது நான்தானே, லேஅவுட் வேல இல்லயான்னு சொல்லிக்கலாம், சொல்லியும் பாத்தேன். பணம் வந்தப்போ அந்த 880ம் சேந்துதான் வந்துச்சு. அக்கா கிட்ட இத இன்னும் சொல்லல.